மதுரை வண்டியூர்ப் பக்கம் தரைத்தளம் + 5 வணிகக் கட்டடம்: அடித்து இறக்குற பைலா, துளை போட்டு வார்க்குற பைலா? எங்கே நிறுத்துவது?

புதுசைட்_இன்ஜினியர்

வணக்கம். இடம் வண்டியூர்க் கண்மாய்க்கும் சுற்றுச்சாலைக்கும் நடுவில். தரைத்தளத்தோடு மேலே ஐந்து மாடி. நிலத்தடிப் பார்க்கிங் முதலில் இருந்தது, தண்ணீர் மட்டத்தைப் பார்த்துவிட்டு உரிமையாளரே வேண்டாம் என்றுவிட்டார். தூண் 36, தூண் கட்டம் 7 மீ × 6 மீ. நடுத் தூண்களில் 240 டன் வரை வருகிறது, ஓரத்தில் 130 முதல் 160.

மண் ஆய்வில் மூன்று போர் (சோதனைத் துளை) போட்டிருக்கிறார்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி:

0 – 1.5 மீ: கொட்டிய மண், கட்டட இடிபாடு
1.5 – 4 மீ: பழுப்புக் களிமண், என் வேல்யூ (N: சோதனைக் குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை சுத்தியல் அடி) 8 முதல் 12
4 – 7.5 மீ: வண்டல் கலந்த மணல், என் 14 முதல் 20
7.5 – 10.5 மீ: சிதைந்த பாறை, 50 சுத்தியல் அடிக்கு 7 முதல் 12 செ.மீ. இறக்கம்
10.5 மீக்குக் கீழே: நைஸ் பாறை, கோர் (பாறை உருளைத் துண்டு) கிடைத்தது 40 சதவீதம், ஆர்.கியூ.டி. (அதில் 10 செ.மீக்கு மேல் முழுதாக வந்த துண்டுகளின் சதவீதம்) 22. 12 மீட்டரோடு நிறுத்திவிட்டார்கள்.
தண்ணீர் மட்டம் 2.8 மீ (சித்திரையில் எடுத்தது).

அறிக்கையில் இரண்டு வழி கொடுத்திருக்கிறார்கள்: 300 × 300 மி.மீ. முன்வார்ப்பு பைலை (தூண் சுமையை ஆழத்துக்குக் கொண்டுபோகும் கான்கிரீட் கம்பம்) அடித்து இறக்கலாம், அல்லது 600 மி.மீ. துளை பைல், ஒன்றுக்கு 125 டன். முதல் வழிதான் வேகம், தரம் கண்ணுக்குத் தெரியும் என்கிறார் உரிமையாளரின் உறவினர் ஒருவர். எதை எடுப்பது? துளை பைல் என்றால் எந்த ஆழத்தில் நிறுத்துவது? "பாறை வரும்வரை" என்று மட்டும்தான் அறிக்கையில் இருக்கிறது.

தூண்_உத்தரம்

பைல் வேண்டுமா என்பதையே முதலில் பார்த்துவிடுவோம். 2 மீட்டரில் அந்தக் களிமண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 10 டன் தாங்குதிறன் என்று வைத்தால், 240 டன் தூணுக்கு 24 ச.மீ. அடிமானம் வேண்டும். உங்கள் கட்டம் 42 ச.மீ. பாதிக்கு மேல் நிலத்தை அடிமானமே மூடிவிடுகிறது என்றால் தனித்தனி அடிமானம் போடுவதில் அர்த்தமில்லை. ராஃப்ட் (கட்டடம் முழுவதுக்கும் ஒரே பலகை அடிமானம்) போட வேண்டும், இல்லையென்றால் பைல்.

நிலத்தடித் தளத்தைக் கைவிட்டதில் ராஃப்ட்டின் பெரிய லாபம் போய்விட்டது. 4 மீட்டர் மண்ணை வெட்டி எடுத்திருந்தால் ச.மீக்கு ஏழு டன்னுக்கு மேல் சுமை நிலத்திலிருந்து இறங்கியிருக்கும், கட்டடச் சுமை ஏறக்குறைய அதற்கு ஈடாகியிருக்கும். இப்போது முழுச் சுமையும் களிமண் மேல் புதுச் சுமை. 7.5 மீட்டரில் பாறை தொடங்கும் இடத்தில் அந்தச் சிக்கலை வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. பைலுக்கே என் ஓட்டு.

ரிக்கு_முருகன்

தம்பி, அடிக்கிற பைல் பேச்சை இதோட விட்ருங்க. யானைமலை கண்ணுக்குத் தெரியுற ஊர்ல அதை எதுக்கு யோசிக்கணும்?

மண்ணும்_பாறையும்

முருகன் அண்ணன் ஒரே வரியில் சொல்லிவிட்டார். காரணம் சேர்த்துவிடுகிறேன், உறவினரிடம் சொல்ல உதவும்.

அடித்து இறக்கும் பைல் எங்கே சிறக்கும் என்றால், கடலோரக் கழிமண் மாதிரி பதினைந்து இருபது மீட்டர் இளகிய மண் இருந்து, அதற்குக் கீழே மணல் மெதுவாக இறுகிக்கொண்டே போகும் இடத்தில். பைல் முனைக்கு மெல்ல மெல்ல எதிர்ப்பு கூடும், கடைசி பத்துச் சுத்தியல் அடிக்கு இத்தனை மி.மீ. இறக்கம் என்று செட் பார்த்து நிறுத்தலாம்.

மதுரையில் அடியில் இருப்பது நைஸ், சார்னோகைட், கிரானைட் வகைப் பாறை. அது சீராகச் சிதைவதில்லை. பிளவுகள் வழியாகத் தண்ணீர் இறங்கி, பிளவை ஒட்டிய பகுதி மண்ணாகிவிடும், நடுவில் உருண்டைக் கற்கள் கெட்டியாகவே நிற்கும். 300 × 300 பைல், 10 மீ நீளம் என்றால் எடை 2.25 டன். அதற்கு 3 டன் சுத்தியல், ஒரு மீட்டர் வீழ்ச்சி. 7.5 மீட்டரில் முனை உருண்டைக் கல்லில் மோதும்போது மூன்று விஷயம் நடக்கலாம். தலை நொறுங்கும், அது கண்ணுக்குத் தெரியும். முனை நொறுங்கும், தெரியாது. சாய்வான பாறை முகத்தில் முனை வழுக்கிப் பைல் வளையும், அதுவும் தெரியாது. மேலே நிற்பவருக்கு மூன்றுமே "செட் வந்துவிட்டது" என்றுதான் தோன்றும். கண்ணுக்குத் தெரியும் தரம் என்பது வார்ப்புத் தளத்தில் கிடக்கும்போதுதான்.

அதிர்வு தனிக் கதை. பக்கத்தில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடு ஒன்று இருந்தாலே போதும், முதல் நாளே வேலை நிற்கும்.

திருமங்கலத்தான்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் பக்கம் கள்ளிக்குடி, திருமங்கலம் கரிசலில் எல்லோரும் அண்டர்ரீம் பைல் போடுகிறார்களே, அதை இங்கே போட முடியாதா? செலவு பாதிதான் ஆகும்.

மண்ணும்_பாறையும்

முடியாது. அண்டர்ரீம் பைலின் வேலையே வேறு. கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கிப் பிளக்கும். அந்த ஊதல் எட்டாத ஆழத்தில் ஒரு குமிழைப் பதித்துக் கட்டடத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் நோக்கம். ஆழமான கரிசலில் குறைந்தது 3.5 மீ, குமிழ் விட்டம் தண்டு விட்டத்தைப் போல 2.5 மடங்கு. குடோன், சுற்றுச்சுவர், இரண்டு மாடி வீடு என்றால் அருமையான பைல். அங்கே பலர் செய்யும் தப்பு, தரை உத்தரத்தை மண்மேல் ஒட்டி வார்ப்பது. உத்தரத்துக்கு அடியில் 75 – 80 மி.மீ. இடைவெளி விடாவிட்டால் மண் ஊதி உத்தரத்தைத் தூக்கும், பைல் போட்டும் சுவர் வெடிக்கும்.

இவர் இடத்தில் தண்ணீருக்கு அடியில் மணல். அதில் குமிழ் வெட்டினால் வெட்டிய கையோடு சரியும். 240 டன் தூணுக்கு அது ஆளும் இல்லை.

புதுசைட்_இன்ஜினியர்

சரி, துளை பைல் என்று முடிவு செய்கிறோம். இரண்டு ஒப்பந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள். ஒருவர் முக்காலி, வின்ச், சிசல் (கனமான உளி), பெய்லர் (உடைந்ததை அள்ளும் குழாய்) வைத்து வேலை செய்பவர். இன்னொருவர் ஹைட்ராலிக் ரோட்டரி ரிக் (சுழற்றித் துளை போடும் இயந்திரம்). வின்ச்காரர் விலை குறைவு. அடுத்தது, நிறுத்தும் ஆழம்?

ரிக்கு_முருகன்

வின்ச் மோசம்னு சொல்ல மாட்டேன் தம்பி. பாறையில சிசல் நல்லாவே உடைக்கும், கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான். பிரச்சினை உங்க 4 – 7.5 மீ மணல்லதான். சிசல் மேல கீழ போற ஒவ்வொரு தடவையும் துளைச் சுவரை உறிஞ்சும். பெய்லரை வேகமா இழுத்தா பிஸ்டன் மாதிரி மணலை உள்ள இழுக்கும். 600 துளை 750 ஆகிடும், கான்கிரீட்டு கூடுதலாப் போகும், அடியில சேறும் கூடுதலா உக்காரும்.

ரோட்டரியில மேல மண்ணுக்கு சாயில் பக்கெட்டு, சிதைஞ்ச பாறைக்கு புல்லட் பல்லு வச்ச ராக் ஆகர், கெட்டிப் பாறைக்கு கோர் பேரல், கடைசியா தட்டை அடி உள்ள கிளீனிங் பக்கெட்டு. இந்தக் கடைசி பக்கெட்டு ரிக்கோட வந்திருக்கான்னு மொத நாளே பாருங்க. நெறைய பேரு அதைக் கொண்டு வர்றதே இல்ல. சாயில் பக்கெட்டையே விட்டு சுத்திட்டு "கிளீன் பண்ணியாச்சு சார்"ம்பாங்க. அதோட நடு முனை தரையில குழி பறிச்சிருக்கும், அந்தக் குழியில சேறு நிக்கும்.

கெல்லி (கருவியைச் சுத்துற கம்பம்) எத்தனை மீட்டரு, டார்க் (சுத்துற பலம்) எவ்வளவுன்னு கேட்டு எழுதி வாங்குங்க. சின்ன ரிக்கு வந்து பாறையில சுத்திக்கிட்டே நிக்கும். அப்புறம் "இதுக்கு மேல போகாது சார், ரெஃப்யூசல்"னு கைய விரிப்பாங்க. அது பாறையோட ரெஃப்யூசல் இல்ல, ரிக்கோட ரெஃப்யூசல்.

மண்ணும்_பாறையும்

அந்தக் கடைசி வரியைச் சைட் அலுவலகச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

நிறுத்தும் ஆழத்துக்கு வருகிறேன். 125 டன் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் எங்கே நிறுத்துவது என்று புரியும். ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். எண்கள் விளக்கத்துக்கு மட்டும், வடிவமைப்புக்கு உங்கள் ஆலோசகருடையதை எடுங்கள். 600 மி.மீ. பைலின் அடிப் பரப்பு 0.283 ச.மீ. சிதைந்த பாறையில் 3 மீ நுழைந்தால் பக்கப் பரப்பு 5.65 ச.மீ.

பக்கப் பிடிப்பு ச.மீக்கு 12 டன்: சுமார் 68 டன்.
அடித் தாங்கல் ச.மீக்கு 300 டன்: சுமார் 85 டன்.

மேலே இருக்கும் களிமண்ணையும் மணலையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. கூட்டினால் 153, அதில் 125 வசதியாக வருகிறது. ஆனால் அடியில் 100 மி.மீ. சேறு உட்கார்ந்துவிட்டால் அந்த 85 டன் வேலை செய்ய, பைல் முதலில் சேற்றை நசுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அதுவரை கையில் இருப்பது 68 டன்தான். பதினொரு மீட்டர் பைலில் பாதிக்கு மேற்பட்ட பலம் கடைசிக் கால் மீட்டர் சுத்தமாக இருக்கிறதா என்பதில் தொங்குகிறது. மதுரை மாதிரி பாறை மேலே இருக்கும் ஊரில் பைல் வேலை என்றால் அந்தக் கால் மீட்டர்தான். மற்றதெல்லாம் அங்கே போய்ச் சேரும் வழி.

"பாறை வரும்வரை" என்று ஒப்பந்தத்தில் இருக்கவே கூடாது. அதற்குப் பதிலாக இரண்டு நிபந்தனையும் சேர்ந்து நிறைவேற வேண்டும் என்று எழுதுங்கள்: குறிப்பிட்ட குறைந்தபட்ச ஆழம், அதற்குள் சிதைந்த பாறையில் இத்தனை மீட்டர் அல்லது கெட்டிப் பாறையில் இத்தனை மீட்டர் நுழைவு. வழக்கமாகச் சிதைந்த பாறையில் விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமல், கெட்டிப் பாறையில் ஒரு மடங்கு. இது சூத்திரம் இல்லை, ஆலோசகர் பாறையின் நிலையைப் பார்த்து மாற்றுவார். இந்தியத் தர விதிகளில் ஐ.எஸ். 14593 பாறையில் நிற்கும் துளை பைலுக்கென்றே உள்ள வழிகாட்டி. ஐ.எஸ். 2911 மட்டும் வைத்துக்கொண்டு பேசாதீர்கள்.

இன்னொன்று. மூன்று போர்களும் 12 மீட்டரில் நின்றுவிட்டன, கோர் 40 சதவீதம்தான். 10.5 மீட்டரில் தொட்டது தாய்ப்பாறையா, பெரிய உருண்டைக் கல்லா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கனமான தூண்கள் இருக்கும் இடத்தில் இன்னும் இரண்டு போர், பாறைக்குள் குறைந்தது 3 மீ போகும்படி, டபுள் டியூப் கோர் பேரல் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். 78 பைல் போடும் வேலையில் அது பெரிய செலவில்லை.

புதுசைட்_இன்ஜினியர்

78 என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் ஐயா? அதேதான் வரைபடத்தில் இருக்கிறது.

மண்ணும்_பாறையும்

36 தூண், ஒன்றுக்கு இரண்டு, லிஃப்ட் கிணற்றுக்கு ஆறு. ஊகம்தான்.

ரிக்கு_முருகன்

எங்க நிறுத்துறதுன்னு சைட்ல எப்படிப் பாக்குறது? மொத பைலை போர் போட்ட இடத்துக்குப் பக்கத்துலயே போடுங்க. ஒவ்வொரு அரை மீட்டருக்கும் எத்தனை நிமிஷம், என்ன கருவி, கெல்லி பிரஷர் எவ்வளவு, என்ன வெளிய வந்துச்சு, நாலையும் எழுதுங்க. வந்த துகளை ஆழத்தோட சீட்டுப் போட்டு பிளாஸ்டிக் பையில கட்டி வைங்க. அந்தக் குறிப்புதான் மத்த 77 பைலுக்கும் அளவுகோல். எட்டாவது மீட்டர்ல இத்தனை நிமிஷம் ஆச்சுன்னா பாறை இப்படி இருக்கும்னு தெரிஞ்சு போயிடும்.

திடீர்னு கருவி நின்னு, ஒரு மணி நேரம் ஒண்ணும் நகராம, அப்புறம் பொசுக்குன்னு இறங்குச்சுன்னா அது உருண்டைக் கல்லு. அந்த இடத்துல நிறுத்தக் கூடாது. ஒரு பைலுக்கும் பக்கத்துப் பைலுக்கும் பாறை மட்டம் ஒண்ணரை மீட்டருக்கு மேல மாறுச்சுன்னா வேலையை நிறுத்திட்டு ஆலோசகருக்குப் போன் போடுங்க.

பென்டோனைட்_பாண்டி

மண் சரியாமல் இருக்க என்ன செய்யப் போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே.

மேலே லைனர் (துளைச் சுவரைப் பிடிக்கும் இரும்புக் குழாய்) 6 மி.மீ. தகடு, 4 மீட்டருக்குக் குறையாமல். கொட்டிய மண்ணையும் களிமண்ணையும் தாண்டி இறங்க வேண்டும். அதற்குக் கீழே மணலைப் பிடிப்பது பென்டோனைட் (தண்ணீரில் ஊறும் களிமண் தூள்) கலவை. ஒரு கன மீட்டர் தண்ணீருக்குச் சுமார் 50 கிலோ. கலக்கியதும் ஊற்றக் கூடாது, குறைந்தது முந்தின நாளே கலக்கித் தொட்டியில் ஊற விடுங்கள். ஒரு துளையின் கொள்ளளவு 3.1 க.மீ. தொட்டி அதற்கு இரண்டு மடங்காவது வேண்டும், ஏனென்றால் சில சமயம் பாறைப் பிளவில் கலவை மடமடவென்று இறங்கிப்போகும். அப்போது கையில் இருப்பு இல்லையென்றால் மட்டம் விழுந்து மணல் சரியும்.

புதுக் கலவையின் அடர்த்தி 1.03 முதல் 1.10, மார்ஷ் கூம்பில் வடியும் நேரம் 30 முதல் 60 விநாடி, பி.எச். 9 முதல் 11.5. இந்த ஊர் போர்வெல் தண்ணீர் பல இடத்தில் கடின நீர், உப்பும் கலந்திருக்கும். அதில் பென்டோனைட் ஊறாது, திரிந்த பால் மாதிரி தனியாகப் பிரியும். லாரித் தண்ணீர் வாங்குங்கள், அல்லது சோடா சாம்பல் சேர்த்துச் சரிசெய்து சோதித்துவிட்டு இறங்குங்கள்.

தண்ணீர் மட்டம் 2.8 என்று சித்திரையில் எடுத்ததை வைத்துத் திட்டம் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்தால் அங்கே மட்டம் ஒரு மீட்டருக்கு வந்து நிற்கும். துளைக்குள் கலவை, வெளியே உள்ள தண்ணீரைவிட ஒரு மீட்டராவது உயரமாக இருக்க வேண்டும். மழைக்காலம் என்றால் லைனரைத் தரைக்கு மேலே அரை மீட்டருக்கு மேல் நீட்டி வையுங்கள்.

வேலை முடிந்த கலவையை வாய்க்காலில் விடுகிற பழக்கம் வேண்டாம். அது நேராகக் கண்மாய்க்குப் போகும். குழி வெட்டி உலர விட்டு, மண்ணாக அள்ளிப்போங்கள்.

தூண்_உத்தரம்

கம்பிக் கூடு பற்றிச் சுருக்கமாக. ஐ.எஸ். 2911 சொல்லும் குறைந்தபட்சம் குறுக்குப் பரப்பில் 0.4 சதவீதம். 600க்கு 1131 ச.மி.மீ. 16 மி.மீ. ஆறு கம்பி 1206, போதும். சுருள் 8 மி.மீ., 150 இடைவெளி. 1.5 மீட்டருக்கு ஒரு வளையம் உள்ளே வெல்டிங். கவர் 75 என்றால் கூட்டின் வெளி விட்டம் 450. கவருக்கு உருளும் கான்கிரீட் சக்கரம் கட்டுங்கள். சதுரக் கட்டை கட்டினால் துளைச் சுவரைச் சுரண்டிக்கொண்டே இறங்கும், சுரண்டிய மண் எங்கே போய் உட்காரும் என்று சொல்லத் தேவையில்லை.

கூட்டைத் தரையில் நிற்க வைக்காதீர்கள், லைனரிலிருந்து தொங்க விடுங்கள். எம்30 கான்கிரீட், எஃப்.இ.500 கம்பி என்றால், தொப்பிக்குள் (பைல்களைத் தூணோடு இணைக்கும் கான்கிரீட் கட்டை) நீள வேண்டிய கம்பி விட்டத்தைப் போல சுமார் 45 மடங்கு, அதாவது 720 – 730 மி.மீ. இதைக் கட் ஆஃப் மட்டத்திலிருந்து (பைல் தலையை உடைத்து நிறுத்தும் மட்டம்) அளக்க வேண்டும், வார்த்த மட்டத்திலிருந்து இல்லை. இந்தத் தப்பில் கம்பி குட்டையாகிப் பின்னால் வெல்டிங் வைப்பது அடிக்கடி நடக்கிறது.

ஆர்எம்சி_செல்வி

கான்கிரீட் பக்கம் நான் சொல்கிறேன்.

எம்30, சிமென்ட் 400 கிலோவுக்குக் குறையாமல், ஜல்லி 20 மி.மீக்கு மேல் வேண்டாம், ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்க அளவு) 150 முதல் 180 மி.மீ. இது லாரி ஏறும்போது இருக்க வேண்டிய ஸ்லம்ப் இல்லை, டிரெமிக் (கான்கிரீட்டை அடிவரை இறக்கும் குழாய்) புனலில் விழும்போது இருக்க வேண்டியது. இப்போது எல்லாம் எம்-சாண்டுதான். தூள் அதிகமுள்ள எம்-சாண்டு தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு அரை மணியில் ஸ்லம்பை விழுங்கிவிடும். பங்குனி, சித்திரை வெயிலில் கோரிப்பாளையத்திலோ காளவாசலிலோ லாரி மாட்டினால் கேட்கவே வேண்டாம். ரிடார்டர் (இறுகுவதைத் தள்ளிப்போடும் மருந்து) கலந்த மாதிரிக் கலவையை இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு அளவை முடிவு செய்யச் சொல்லுங்கள். சைட்டில் தண்ணீர் ஊற்றினால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். இரவில் வார்ப்பது எல்லோருக்கும் நல்லது.

11 மீ பைலுக்குக் கணக்குப்படி 3.1 க.மீ. கூடுதல் 10 – 15 சதவீதம் சேர்த்தால் 3.4 – 3.6. ஆறு க.மீ. லாரி ஒன்றில் ஒரு பைல் முடிந்து பாதி மிஞ்சும். அந்தப் பாதி அடுத்த துளைக்கு என்று நினைத்தால் அந்தத் துளை கூடு இறக்கிக் கழுவித் தயாராக நிற்க வேண்டும். இல்லையென்றால் 4 க.மீ. மட்டும் ஏற்றச் சொல்லுங்கள். லாரியைக் காக்க வைக்கக் கூடாதே என்ற அவசரத்தில்தான் அடி கழுவுவது அரைகுறையாகிறது.

புதுசைட்_இன்ஜினியர்

கழுவுவது, வார்ப்பது இரண்டையும் வரிசையாகச் சொல்ல முடியுமா? இதில்தான் எனக்குத் தைரியம் இல்லை.

ரிக்கு_முருகன்

எழுதிக்கங்க.

ஆழம் வந்ததும் கிளீனிங் பக்கெட்டு இரண்டு மூணு தடவை விட்டு எடு. தட்டை அடி உள்ள குண்டு கட்டின இரும்பு டேப்பை விட்டு ஆழம் அள. குண்டு "டங்"குன்னு நிக்கணும், "சொத்"துனு உக்காரக் கூடாது. நடுவுல ஒரு எடம், ஓரத்துல நாலு எடம் அளக்கணும். இந்த ஆழத்தை எழுதிக்க.

கூடு இறக்கு. 200 மி.மீ. டிரெமிக் குழாயை இறக்கு. ஒவ்வொரு மூட்டுலயும் வாஷர் இருக்கான்னு பாரு. இல்லேன்னா மூட்டு வழியா தண்ணி உள்ள வந்து கான்கிரீட்டைக் கழுவிடும்.

டிரெமி வழியாவே புதுக் கலவையை அடியில செலுத்திக் கழுவு. அரை மணி நேரமாவது. மேல வழியுற கலவையில மணல் நெருடல் நிக்கிற வரைக்கும். மறுபடி குண்டு விட்டு அள. மொதல்ல எழுதின ஆழத்துக்கும் இதுக்கும் 50 மி.மீக்கு மேல வித்தியாசம் இருந்தா மறுபடி கழுவு. இந்த ரெண்டாவது அளவுதான் முக்கியம். கூடு இறக்குறதுக்கு முன்னாடி மட்டும் அளந்துட்டு விட்டா, கூடு சுரண்டின மண்ணெல்லாம் கணக்குலயே வராது.

குழாய் முனை தரையிலேர்ந்து 200 – 300 மி.மீ. மேல. புனல் அரை கன மீட்டருக்குக் குறையக் கூடாது. அடைப்பை வச்சு, புனல் ரொம்பின பிறகு ஒரே இழுப்புல திற. அந்த மொத விழுதல்லயே குழாய் முனை ஒரு மீட்டராவது கான்கிரீட்டுக்குள்ள மூழ்கணும். சின்னப் புனல் வச்சா அடியில கான்கிரீட்டும் பென்டோனைட்டும் கலந்த கஞ்சிதான் இருக்கும்.

அப்புறம் எப்பவும் 2 மீட்டர் மூழ்கியே இருக்கணும். குழாய் கழட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கான்கிரீட்டு மட்டத்தை அள. கண்ணளவு கூடாது.

ஆர்எம்சி_செல்வி

அண்ணன் சொன்ன அளவை வைத்து ஒரு தாள் போடுங்கள். 600 துளையில் ஒரு க.மீ. ஊற்றினால் மட்டம் 3.5 மீ ஏற வேண்டும். 2.8 மீதான் ஏறியது என்றால் அந்த இடத்தில் துளை அகன்றிருக்கிறது, பணம் போகும், பைலுக்கு ஆபத்தில்லை. 4 மீட்டருக்கு மேல் ஏறியது என்றால்தான் பயப்பட வேண்டும். துளை குறுகிவிட்டது, அல்லது மண் உள்ளே விழுந்துவிட்டது. மணல் அடுக்கிலும் லைனர் முடியும் இடத்திலும் கவனமாகப் பாருங்கள்.

தூண்_உத்தரம்

குழாய் தவறிக் கான்கிரீட்டுக்கு வெளியே வந்துவிட்டால்? மறுபடி உள்ளே செருகித் தொடர்வார்கள். அது பைலுக்கு நடுவில் ஒரு சேற்றுத் தட்டு. அடியில் ஒன்றிரண்டு மீட்டரிலேயே நடந்தால் கூட்டை உருவி, கான்கிரீட் இறுகுவதற்குள் துளையை மறுபடி எடுக்கலாம். பாதிக்கு மேல் வந்த பிறகு என்றால் அந்தப் பைலைக் கணக்கில் எடுக்காமல் மாற்றுப் பைல் கேட்பேன். தள்ளுமுள்ளு வரும், வரட்டும்.

லைனரை இழுக்கும்போது கான்கிரீட் மட்டம் இறங்கும், ஏனென்றால் தகடு இருந்த இடத்தையும் அதற்கு வெளியே உள்ள வெற்றிடத்தையும் அது நிரப்ப வேண்டும். அதனால் மேலே போதுமான உயரம் இருக்கும்போதே, கான்கிரீட் இளக்கமாக இருக்கும்போதே இழுங்கள். கட் ஆஃபுக்கு மேலே 600 மி.மீ. கூடுதலாக வார்த்துவிடுங்கள். மேலே மிதந்து வருவது சேறு கலந்த கான்கிரீட். உடைத்துத் தள்ளத்தான் அது.

பில்லு_புத்தகம்

வேலை எல்லாம் சரி, அளவை எப்படி? சண்டை எப்போதும் இங்கேதான் வருகிறது.

மீட்டருக்கு ஒரே விலை என்று ஒப்பந்தம் போட்டால் ஒப்பந்தக்காரருக்குப் பாறையில் ஒவ்வொரு அரை மீட்டரும் நட்டம். சீக்கிரம் நிறுத்தத்தான் பார்ப்பார். பாறைக்குத் தனி விலை என்றால் 6 மீட்டரிலேயே "பாறை வந்துவிட்டது" என்பார். இரண்டும் மனித இயல்பு. மண், சிதைந்த பாறை, கெட்டிப் பாறை என்று மூன்று விலை வைத்து, எது எது என்பதை முருகன் சொன்ன முதல் பைல் குறிப்போடு கட்டிப்போடுங்கள்: இன்ன ரிக், இன்ன கருவி, அரை மணியில் இத்தனை செ.மீ. என்று. வார்த்தையில் "கடினமான பாறை" என்று எழுதினால் வழக்குதான்.

பைல் நீளம் கட் ஆஃபிலிருந்து அடி வரை. அதற்கு மேலே உள்ள வெற்றுத் துளைக்குத் தனி விலை. கூடுதல் கான்கிரீட் 10 சதவீதம் வரை அவர் பொறுப்பு என்று எழுதுங்கள், இல்லையென்றால் மணலில் சரிந்ததற்கும் நீங்களே காசு கொடுப்பீர்கள்.

புதுசைட்_இன்ஜினியர்

சோதனை எத்தனை? உரிமையாளர் ஒலி அலைச் சோதனை மட்டும் போதும், சுமைச் சோதனை வேண்டாம் என்கிறார்.

மண்ணும்_பாறையும்

பி.ஐ.டி. ஒலி அலைச் சோதனையை (பைல் தலையில் தட்டி எதிரொலி பார்ப்பது) எல்லாப் பைலுக்கும் செய்யுங்கள், மலிவு. வார்த்து 14 நாளுக்குப் பிறகு, தலையை நல்ல கான்கிரீட் வரை செதுக்கி, சமமாக்கி. அலை வேகம் விநாடிக்கு 4000 மீ என்றால் 11 மீ பைலின் அடியிலிருந்து எதிரொலி 5.5 மில்லி விநாடியில் வர வேண்டும். நடுவில் குறுகியிருந்தால் அதற்கு முன்பே ஒரு எதிரொலி தெரியும். ஆனால் அடியில் சேறு இருக்கிறதா, பைல் எத்தனை டன் தாங்கும் என்பதை அது சொல்லாது. இங்கே நமக்குக் கவலையே அடியில்தான்.

அதனால் சுமைச் சோதனையை விட முடியாது. ஐ.எஸ். 2911 நான்காம் பாகம். வேலைப் பைலில் வழக்கச் சோதனை, வடிவச் சுமைக்கு ஒன்றரை மடங்கு: 187.5 டன். எண்ணிக்கை அரை சதவீதத்திலிருந்து இரண்டு சதவீதம், 78க்கு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வேலை தொடங்கும் முன்பே தனிப் பைல் ஒன்றில் 2.5 மடங்கு ஆரம்பச் சோதனை. 312 டன் வரை போகும், ஆனால் அதில்தான் நுழைவு ஆழத்தைக் குறைக்கலாமா கூட்டலாமா என்று தெரியும்.

எதிர்ப்புச் சுமை (ஜாக்கி முட்டுவதற்கு மேலே அடுக்கும் எடை) சோதனைச் சுமையைவிட 25 சதவீதம் அதிகம் வேண்டும், அதாவது வழக்கச் சோதனைக்கு 235 டன். ஒரு க.மீ. கான்கிரீட் கட்டை என்றால் 95 – 100 கட்டை. மணல் மூட்டை 50 கிலோ என்றால் 4700. மூட்டை எண்ணிக்கையை நம்பாதீர்கள், பத்து மூட்டையை எடை போட்டுப் பாருங்கள்.

சுமையை வடிவச் சுமையின் 20 சதவீதம் 20 சதவீதமாக, அதாவது 25 டன்னாக ஏற்றுங்கள். கடைசிச் சுமையில் 24 மணி நேரம். 600 மி.மீ. பைலுக்கு இறக்க வரம்பு 12 மி.மீ. அளவுக் கருவிகள் உட்காரும் சட்டத்துக்குக் கூரை போடுங்கள், தென்னங்கீற்று போதும். வெயிலில் இரும்புச் சட்டம் வளைந்து, மதியம் பைல் மேலே எழும்பியதாகக் காட்டும்.

12க்குள் வந்தால் தேறியது என்று மூடிவிடாதீர்கள். 187.5 டன்னில் 11 மீ கான்கிரீட் தானே சுருங்குவது அதிகபட்சம் 2.7 மி.மீ. மொத்த இறக்கம் 3, 4 என்றால் அடி சுத்தம். 10 மி.மீ. வந்து, சுமையை இறக்கிய பிறகு 7 திரும்பி வரவே இல்லை என்றால், விதிப்படி பாஸ், ஆனால் அடியில் சேறு நசுங்கியிருக்கிறது. மீதி 76 பைலில் அது எத்தனை மி.மீ. என்று யோசிக்க வேண்டியது அப்போதுதான்.

தூண்_உத்தரம்

கடைசியாக என் வேலை, தொப்பி. இரண்டு பைலுக்கு மையத்துக்கு மையம் 1.5 மீ. தொப்பி 2.4 × 0.9 × 1.0 மீ. அதன் எடையே 5.4 டன், ஆக 240 டன் தூணில் பைல் ஒன்றுக்கு 122.7. உங்களிடம் மிச்சம் இரண்டே கால் டன்தான்.

600 மி.மீ. பைலுக்கு இடம் மாற அனுமதி 75 மி.மீ. பைல் இரண்டும் ஒரே பக்கம், அவற்றை இணைக்கும் கோட்டிலேயே 75 தள்ளிப்போனால் ஒரு பைலில் 12 டன் கூடும், மற்றதில் குறையும். கூடியது 135 ஆகிவிடும். கோட்டுக்குக் குறுக்கே தள்ளிப்போனால் 18 டன்-மீட்டர் திருப்பு விசை, அதைத் தாங்க இரு பைல் தொப்பிக்கு வேறு ஆளே இல்லை, இணைப்பு உத்தரம்தான் தாங்க வேண்டும். ஆகவே கனமான நடுத் தூண்களுக்கு மூன்று பைலாக மாற்ற முடியுமா என்று ஆலோசகரிடம் இப்போதே கேளுங்கள். மாற்ற மாட்டார் என்றால் குறுக்கு இணைப்பு உத்தரத்தை அந்த 18க்கு வடிவமைக்கச் சொல்லுங்கள். பைல் போட்டு முடித்து, கட்டியபடி வரைபடம் வந்த பிறகு கேட்டால் தொப்பிக் கம்பி ஏற்கெனவே வளைத்து வந்திருக்கும்.

தலை உடைக்கும்போது பெரிய பிரேக்கர் கட் ஆஃபுக்கு 150 மி.மீ. மேலே வரைதான். மீதி கையுளி. பைல் தொப்பிக்குள் 50 மி.மீ. நுழைந்திருக்க வேண்டும்.

புதுசைட்_இன்ஜினியர்

ரொம்ப நன்றி எல்லோருக்கும். ஆலோசகரிடம் பேசினேன். இரண்டு கூடுதல் போருக்கு ஒப்புக்கொண்டார், 15 மீ வரை. நடுத் தூண்கள் எட்டுக்கு மூன்று பைல். ஆரம்பச் சோதனை ஒன்று. ரோட்டரி ரிக்காரரிடம் கிளீனிங் பக்கெட் கேட்டேன், "தேவைப்பட்டால் கொண்டுவருவோம் சார்" என்றார். ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டேன். புதுப் போர் கோர் வந்ததும் பெட்டியைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.

ரிக்கு_முருகன்

ஒப்பந்தத்துல சேத்தது சரி தம்பி. பக்கெட்டு வந்ததும் அடித்தட்டு தேஞ்சிருக்கா, மூடுற கதவு முழுசா மூடுதான்னும் பாத்துருங்க. மூடலேன்னா அள்ளின சேறு பாதி வழியில கொட்டிரும்.

மண்ணும்_பாறையும்

படத்தில் போர் எண்ணும் ஆழமும் எழுதிய பலகை தெரிய வேண்டும். கோரைத் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டு எடுங்கள், காய்ந்த தூசியில் பிளவு தெரியாது.